கண்டிப்பும் கனிவும்: பிள்ளை வளர்ப்பு குறித்து ஒரு நோக்கு

திண்டுக்கல் நகரின் பேகம்பூர் என்னும் பெயர், அங்குள்ள பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கும் அமீருன்னிஸா பேகத்தை முன்னிட்டு வந்தது. அவ்வம்மையார் ஹைதர் அலியின் சகோதரி. 1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராகப் பொறுப்பேற்ற ஹைதர் அலி எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் தம் மகன் திப்புவுக்கு ஆசிரியர்களை அமர்த்தி அரபியும் பாரசீகமும் கற்பித்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கைக்குச் சென்ற திப்புவின் நூலகத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. தமக்குக் கிட்டாத கல்வி தம் பிள்ளைக்குக் கிட்ட வேண்டும் என்று தவிக்கும் தந்தையர் அரண்மனையில் மட்டும் இருந்தவர்கள் அல்லர். அதே பேகம்பூரின் தோல் பதனிடும் கூடங்களில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று உழைத்த தலைமுறையினரும் அவ்வாறு தவித்தவர்களே. அந்தத் தவிப்பு வீட்டிற்குள் எவ்வடிவம் எடுக்கிறது என்பதே நம் கேள்வி.

பெரும்பாலும் அது பிரம்பின் வடிவம் எடுத்தது. பிள்ளையை மத்ரஸாவிலோ பள்ளிக்கூடத்திலோ கொண்டுபோய் விடும் அத்தாமார், 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்' என்று ஆசிரியரிடம் சொல்லி வந்தது நம் ஊர்களில் யாவரும் அறிந்த வழக்கு. தோலைப் பற்றி நன்கறிந்த ஊரில் இச்சொல் வழங்கியது வியப்புக்குரியது. சுண்ணாம்பில் அளவுக்கு மீறி ஊறிய தோல் இழையிழந்து கெடும் என்பதை எந்தப் பதனிடுபவரும் சொல்வார். பிள்ளைக்கு மட்டும் அளவு வேண்டாம் என நாம் எண்ணிவிட்டோம் போலும்.

வளர்ப்பு முறைகளை வகைப்படுத்தி ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் கலிபோர்னியப் பல்கலைக்கழக உளவியலாளர் டயானா பாம்ரிண்ட். 1966, 1967ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ஆய்வுகள் மூன்று போக்குகளைப் பிரித்துக் காட்டின. காரணம் கூறாது கீழ்ப்படிதலை மட்டும் கேட்பது ஒன்று. வரம்புகளை உறுதியாக வைத்து, அவற்றின் காரணத்தையும் விளக்கி, பிள்ளையின் மறுமொழிக்குச் செவிகொடுப்பது இரண்டாவது. கேட்டதெல்லாம் கொடுத்து, எதையும் தடுக்காதிருப்பது மூன்றாவது. 1983இல் மக்கோபி, மார்ட்டின் ஆகியோர் வரம்பும் இன்றி அன்பும் இன்றிப் பிள்ளையைக் கவனியாது விடும் நான்காவது போக்கையும் சேர்த்தனர். இரண்டாவது போக்கில் வளரும் பிள்ளைகளிடம் தன்னடக்கமும் தன்னம்பிக்கையும் ஒருங்கே காணப்படுகின்றன என்பதே இவ்வாய்வுகளின் சாரம்.

இதை மேலைநாட்டுச் சரக்கு என ஒதுக்குவோர்க்கு இப்னு கல்தூனை நினைவூட்ட விரும்புகிறோம். 1377இல் எழுதப்பட்ட 'முகத்திமா'வில் மாணவரிடம் கடுமை காட்டுவதன் கேடு குறித்துத் தனி இயலே உள்ளது. வன்மையால் வளர்க்கப்பட்ட பிள்ளை ஊக்கம் குன்றிச் சோம்பலுக்கு ஆளாகும். அடிக்கு அஞ்சி உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசும். நாளடைவில் பொய்யும் சூதும் அதன் இயல்பாகவே படியும் என்கிறார் அவர். அத்துடன் நில்லாது, அப்பிள்ளை வளர்ந்தபின் தன்னையும் தன் வீட்டையும் காக்கும் திறனை இழந்து பிறரைச் சார்ந்து நிற்கும் என்றும், கொடுங்கோன்மைக்கு உட்பட்ட சமூகங்களுக்கும் இதுவே நேர்கிறது என்றும் விரித்துரைக்கிறார். மதிப்பெண் பட்டியலைத் தந்தையிடம் மறைத்து, தன் கையாலேயே ஒப்பமிடும் மாணவனைக் காணும்போதெல்லாம் இவ்வரிகளின் பொருள் நமக்கு விளங்குகிறது. அவன் ஒழுக்கம் கெட்டவன் அல்லன். அச்சம் அவனுக்குக் கற்பித்த பாடம் அது.

ஆயினும் கல்தூன் தளர்ச்சியை ஆதரிக்கவில்லை. கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் மகன் அமீனின் ஆசிரியருக்கு வழங்கிய அறிவுரையை அவர் எடுத்தாள்கிறார். உள்ளம் மரத்துப்போகும் அளவுக்கு நெருக்கவும் வேண்டாம், சோம்பலில் சுவை காணும் அளவுக்கு விடவும் வேண்டாம் என்பது அதன் கருத்து. இமாம் கஸ்ஸாலியும் 'இஹ்யா'வில், முதல் பிழையைக் காணாததுபோல் விட்டுவிடவும், மீண்டும் நிகழ்ந்தால் தனிமையில் கண்டிக்கவும் சொல்கிறார். ஓயாத கண்டனம் பிள்ளையின் காதில் மதிப்பிழந்துவிடும் என்பது அவர் கண்ட காரணம். ஓதி முடித்த பிள்ளையை விளையாட விடாது தடுப்பது அதன் உள்ளத்தைச் சாகடிக்கும் என்றும் எச்சரிக்கிறார். மாலையில் மக்தப் முடிந்ததும் தனிப்பயிற்சி, அது முடிந்ததும் வீட்டுப்பாடம் என ஓட்டப்படும் நம் பிள்ளைகளுக்காக எழுதியதுபோல் இருக்கிறது.

இங்கே ஒரு நபிமொழியை நாம் கடந்து செல்ல இயலாது. ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் தொழாவிடில் அடியுங்கள் என்னும் பொருளில் அபூதாவூதில் வரும் அறிவிப்பைப் பிரம்புக்கு உரிமமாகக் காட்டுவோர் உண்டு. ஏழுக்கும் பத்துக்கும் இடையில் மூன்று ஆண்டுகள் உள்ளன. நாளொன்றுக்கு ஐந்து வேளை என்றால் ஐயாயிரம் முறைக்கு மேல் அன்புடன் அழைத்திருக்க வேண்டும். அவ்வாறு அழைக்காத தந்தை பத்தாம் வயதைப் பற்றி மட்டும் பேசுவது பொருந்தாது. அதன்பின்னும் முகத்தில் அடிக்கலாகாது, காயம் படலாகாது எனச் சட்ட அறிஞர்கள் கட்டுப்படுத்தினர். நாயகம் (ஸல்) அவர்களோ எந்தப் பணியாளரையும் தம் கரத்தால் அடித்ததில்லை என்பது ஆயிஷா (ரலி) அவர்களின் சான்று. பத்தாண்டுகள் பணிசெய்த அனஸ் (ரலி), தம்மைச் 'சீ' என்றுகூடச் சொன்னதில்லை என்கிறார். நம் நாட்டிலும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்துள்ளது.

எல்லாக் கண்டிப்பும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சீனக் குடும்பங்களை ஆராய்ந்த ரூத் சாவ் 1994இல், அங்கு கண்டிப்பு என்பது நெருங்கிய அக்கறையோடு பிணைந்த பயிற்சியாகவே விளங்குகிறது எனக் காட்டினார். அரபுச் சமூகத்து வளரிளம் பருவத்தினரை ஆய்ந்த மர்வான் துவைரி, உள நலக் குறைகளோடு தொடர்புடையதாகக் கண்டது பெற்றோரின் கண்டிப்பைவிட அவர்களின் முன்பின் முரணையே. இது நம் இல்லங்களை நேரே தொடும் செய்தி. அத்தா வளைகுடா நாட்டில். அம்மா தடுப்பதைப் பாட்டி அனுமதிக்கிறார். இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வரும் தந்தை முதல் வாரம் கேட்டதெல்லாம் வாங்கித் தந்து, நான்காம் வாரம் கை ஓங்குகிறார். எது வரம்பு என்பதே அப்பிள்ளைக்குத் தெரியாது.

பிரிவின் குற்றவுணர்வைப் பொருளால் ஈடுசெய்யும் போக்கு இன்று மிகுந்துள்ளது. பதினெட்டு நிறையாத மகனுக்கு இருசக்கர வாகனம் வாங்கித் தருவது அன்பெனக் கருதப்படுகிறது. அவன் அதை ஓட்டிப் பிடிபட்டால் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அவனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. இல்லை என்று ஒருமுறை சொல்வது எளிதாயிருந்திருக்கும்.

மகனுக்கு வாகனம் தரும் அதே வீட்டில் மகளின் படிப்பு செலவாகத் தோன்றுவதும் உண்டு. தம் மகன் ஒருவனுக்கு மட்டும் கொடை அளித்துவிட்டு அதற்குச் சாட்சியாக அழைத்த தோழரிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே தந்தீரா என வினவி, இல்லை என்றதும் சாட்சியாக நிற்க மறுத்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) வழி வந்த இச்செய்தியை நாம் சொத்துப் பிரிவினைக்கு மட்டுமே மேற்கோள் காட்டுகிறோம்.

திருக்குர்ஆனின் 31ஆம் அத்தியாயத்தில் லுக்மான் தம் மகனுக்கு உரைக்கும் அறிவுரைகளை நோக்குக. ஒவ்வொரு கட்டத்திலும் 'என் அருமை மகனே' என்னும் விளி வருகிறது. இணைவைக்காதே என்ற கட்டளையோடு அது பெரும் அநீதி என்ற காரணமும், குரலைத் தாழ்த்து என்பதோடு கழுதையின் கத்தலே குரல்களில் வெறுக்கத்தக்கது என்ற விளக்கமும் இணைந்தே வருகின்றன. தூர தேசத்திலிருந்து வாரம் ஒருமுறை பேசும் தந்தை, மதிப்பெண் எத்தனை என்று கேட்குமுன் அவ்விளியைச் சொல்லிப் பார்க்கலாம்; தொலைபேசியை மறுமுனையில் பிள்ளை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறான் என்பது அவருக்கே தெரியவரும்.