சத்தமில்லாத அறை எதற்கு?

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஆதரவாளர்களே,

காது சோதிக்கும் கருவி இருந்தால் போதாதா, அறைக்கு ஏன் தனிச் செலவு என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான்.

இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் விசைப்படகில் செல்வோர் டீசல் எஞ்சின் அருகே மணிக்கணக்கில் வேலை செய்கிறார்கள். ஐஸ் பிளான்ட் தொழிலாளருக்கோ கம்ப்ரஸர் சத்தம் ஓய்வதில்லை. இத்தகைய சத்தம் பெரும்பாலும் முதலில் 4000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள கீச்சொலிகளைக் கேட்கும் திறனைக் கெடுக்கிறது. வலி இராது. நிரந்தரமாக இழந்த கேள்வித்திறன் மருந்தால் திரும்புவதுமில்லை. ஆகவே முதலில் ஒரு சோதனை செய்து பதிந்து வைத்து, ஆண்டுதோறும் அதோடு ஒப்பிட வேண்டும்.

சோதனையில் ஹெட்போன் வழியாக மிக மெல்லிய ஒலிகளை அனுப்புகிறோம். கேட்டவுடன் அவர் கை உயர்த்த வேண்டும். அறையில் மின்விசிறி ஓடினாலும், வெளியே ஜெனரேட்டர் உறுமினாலும் அந்த மெல்லிய ஒலி மறைந்துபோகும். கனத்த ஒலிகளை ஹெட்போன் அவ்வளவாகத் தடுப்பதில்லை. எனவே 500 ஹெர்ட்ஸ் சோதனையே அதிகம் கெடும். நல்ல காதும் பழுதென்று பதிவாகும். முதல் பதிவே பிழையானால், பின்னாளில் வரும் உண்மையான குறைவு அதில் ஒளிந்துகொள்ளும். சத்தத்தால் வரும் செவிக்குறைவு, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பட்டியலிட்ட தொழில்நோய்களில் ஒன்று. நஷ்டஈடு கேட்கும் தொழிலாளிக்கு அந்த முதல் பதிவே சாட்சி.

ஆகையால் முதலில் அறையையே சோதிக்க வேண்டும். தொழிலாளியின் தலை இருக்கும் இடத்தில் சத்தம் அளக்கும் கருவியை வைத்து, கதவை மூடி, சந்தடி மிகுந்த நேரத்தில் ஒவ்வொரு சுருதியிலும் தனித்தனியே அளக்க வேண்டும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி 500 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் வரை அனுமதிக்கிறது. அங்கே 1999இல் வெளியான தர அளவோ, காதை மூடும் ஹெட்போனுடன் சோதிக்கையில் 21 டெசிபெல்தான் என்கிறது. மிக மெல்லிய ஒலிவரை சோதிக்க இந்த இரண்டாவது அளவே தகும். கனத்த சுவரும், விளிம்பில் ரப்பர் பதித்த கதவும், தூரத்தில் வைத்த ஜெனரேட்டரும் இதற்காகவே. நல்ல காதுள்ள ஒருவரை அவ்வறையில் அமர்த்திச் சோதிப்பது தினசரிப் பரீட்சை.

காதுக்கும் ஓய்வு வேண்டும். எஞ்சின் சத்தத்திலிருந்து நேரே வந்தவருக்குக் காது தற்காலிகமாக மந்தமாயிருக்கும். குறைந்தது 14 மணி நேரமாவது அமைதி தேவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். முதல் பதிவுக்கு அதுவே ஏற்ற காலம்.

பெருங்காற்றுக்கும் அக்கினிக்கும் பின்பு வந்த மெல்லிய சத்தத்தில் எலியா ஆண்டவரை அறிந்துகொண்டார். நம் மீனவச் சகோதரர்கள் தங்கள் பிள்ளைகளின் மெல்லிய குரலை முதுமையிலும் கேட்கும்படி ஜெபியுங்கள். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இந்த அமைதிக்கும் செல்வதாக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்