பிறப்புறுப்பில் சிறு புள்ளிகள்: எல்லாம் பால்வினை நோயல்ல

பிறப்புறுப்பில் சிறு புள்ளிகளைக் கண்டதும் பால்வினை நோய் என அஞ்சி, கூச்சத்தால் மருத்துவரைத் தவிர்த்து, மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசுவோர் பலர். ஆனால், அவற்றுள் பல நோயே அல்ல.

வெளிர் மஞ்சள் நிறத்தில் தென்படும் ஃபோர்டைஸ் புள்ளிகள், மயிர்க்காலுடன் இணையாத எண்ணெய்ச் சுரப்பிகளே. உதட்டிலும் இவை காணப்படும். ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி 1 முதல் 2 மி.மீ. அளவில் வரிசையாக அமையும் முத்துப் போன்ற பருக்களும் இயல்பானவையே. பெண்களுக்கும் யோனி வாயிலின் இருபுறமும் மென்மையான சிறு முளைகள் ஒரே சீராக அமைவதுண்டு. இவை தொற்றுவதில்லை; சிகிச்சையும் தேவையில்லை.

மாறாக, ஒழுங்கின்றிப் பரவி, காலிஃபிளவர் போலச் சொரசொரப்பாக வளர்பவை எச்.பி.வி. வைரஸால் வரும் மருக்களாக இருக்கலாம். வலியற்ற புண்தான் அதிகம் ஏமாற்றக்கூடியது. சிபிலிஸ் புண் சில வாரங்களில் தானே ஆறிவிடும். கிருமியோ உடலில் தங்கிவிடும். எனவே புண், கொப்புளம், இரத்தக்கசிவு, சீழ், விரைந்து வளரும் கட்டி ஆகியவை தோன்றினால் தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரை அணுக வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தாமாகப் பூசுவது மெல்லிய தோலை நலியச் செய்வதோடு, படர்தாமரையை அடையாளம் காணவும் கடினமாக்கும்.

அரசு மருத்துவமனைகளில் உள்ள சுரக்ஷா மையங்களில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். 1097 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விவரம் பெறலாம்.