கம்ப்யூட்டர் புரோகிராமுக்குப் பரீட்சை வைக்கும் கருவிகள்
எதைப் படித்தால் பலன்?

பெங்களூர் தமிழ்க் குடும்பங்களில் மகனோ மகளோ "டெஸ்டிங் படிக்கப் போகிறேன்" என்று சொல்வது இன்று சாதாரணம். ஆனால் எதைப் படிப்பது என்பதில்தான் குழப்பம். ஜேயூனிட், பைடெஸ்ட், ஜெஸ்ட் என்று விளம்பரப் பலகைகளில் பல பெயர்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டணம் கட்டும் தகப்பனார் எதை நம்புவது?

அரை டிக்கெட் கணக்கு

முதலில் இந்த வேலை என்ன என்று பார்ப்போம். ரெயிலில் படுக்கை வகுப்புக்கு முன்பதிவு செய்கிறோம். 5 வயது முடிந்து 12 ஆகாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் அரைக் கட்டணம். படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். இது 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி.

இதைக் கணக்கிடும் புரோகிராமில் "12-க்குக் கீழ்" என்பதற்குப் பதில் "12 வரை" என்று எழுதிவிட்டால் போதும், 12 வயதுப் பையனுக்கும் அரை டிக்கெட் விழுந்துவிடும். 8 வயதையும் 30 வயதையும் மட்டும் கொடுத்துப் பார்த்தால் இந்தத் தவறு தெரியாது. 4, 5, 11, 12 என எல்லையில் நிற்கும் வயதுகளைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். புரோகிராமைத் திருத்தும்போதெல்லாம் அத்தனையையும் மறுபடி பார்க்கவேண்டும். மனிதனுக்குச் சலிப்புத் தட்டும் இந்த வேலையைத் தானாகச் செய்வதற்குத்தான் கருவிகள்.

மொழிக்கு ஏற்ற கருவி

புரோகிராம் எந்த மொழியில் இருக்கிறதோ, பெரும்பாலும் அந்த மொழிக்குரிய கருவிதான் பொருந்தும்.

ஜாவாவுக்கு ஜேயூனிட். கென்ட் பெக், எரிக் காமா என்ற இருவரும் 1997-ல் விமானத்தில் போகும்போதே இதை எழுதத் தொடங்கினார்கள்.

பைத்தானுக்கு இரண்டு உண்டு. யூனிட்டெஸ்ட், மொழியோடு சேர்ந்தே வருகிறது. பைடெஸ்டைத் தனியாகச் சேர்க்கவேண்டும். ஆனால் அதில் எழுத்து வேலை குறைவு. ஒரே சோதனைக்குப் பல வயதுகளை வரிசையாகக் கொடுக்கலாம். யூனிட்டெஸ்டில் எழுதிய பழைய சோதனைகளையும் அது நடத்தும். ஆகவே பின்னால் மாறினாலும் நஷ்டம் இல்லை.

ஜாவாஸ்கிரிப்டுக்கு ஜெஸ்ட். இது பேஸ்புக் நிறுவனத்தில் உருவானது. கோ மொழியில் சோதனை வசதி கூடவே வருகிறது.

திரையில் பொத்தானை அழுத்திப் பார்க்கும் சோதனைக்கு செலீனியம். அதை ஜாவாவிலிருந்தும் இயக்கலாம், பைத்தானிலிருந்தும் இயக்கலாம்.

கேட்கவேண்டிய கேள்வி

இவை எல்லாமே இலவசம். கட்டணம் கருவிக்கு அல்ல, கற்றுக்கொடுப்பதற்குத்தான். ஆகவே பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகள் கேட்பது நல்லது. எந்த மொழியை முதலில் சொல்லிக் கொடுப்பீர்கள்? எதைச் சோதிக்கவேண்டும் என்று யோசிக்கப் பழக்குவீர்களா?

மொழி தெரிந்தவன் அதன் கருவியைச் சீக்கிரம் பழகிக்கொள்வான். 12 வயதைச் சோதிக்கத் தோன்றாதவனுக்கோ, எந்தக் கருவியும் "எல்லாம் சரி" என்றுதான் காட்டும்.