கசக்குஞ் சீட்டும் வெறுஞ் சீட்டும்

சென்ற விடுமுறையில் வெள்ளவத்தையிலுள்ள தமக்கையார் வீட்டிற்குப் போயிருந்தேன். உயர்தர வகுப்பிற் படிக்கும் மருகன், பெருவிரல் நகத்தினுஞ் சற்றே பெரிதான ஒரு சீட்டை என்முன் நீட்டினான்.

"மாமா, இதை ஒருக்கா நாக்கிலை வைச்சுப் பாருங்கோ."

மருகன் விஷமக்காரன் என்பதை அறிவேன். அறிந்தும் வைத்தேன். வேம்பும் பாகலும் தோற்குங் கசப்பு! வாய் கொப்பளித்தும் போகவில்லை. தமக்கையார் சீனி கொண்டுவந்தார். மருகன் சிரித்தான்.

அது, 2017இல் வெளிவந்த நின்டெண்டோ சுவிட்ச் என்னும் பொறியிற் செருகும் சீட்டு. ஓர் ஆட்டம் முழுவதும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. சிறு குழந்தைகள் விழுங்கிவிடாதிருத்தற்பொருட்டு டெனற்றோனியம் பென்சோயேற்று என்னுங் கசப்புப் பொருளை அதன்மேற் பூசியிருக்கிறார்கள். பால் மறக்கச் செய்யத் தாய்மார் வேப்பெண்ணெய் தடவுவது நம்மவர் அறிந்த உபாயமே. யப்பானியரும் அறிந்திருக்கிறார்கள்.

வீடியோ கேம் என்று உலகம் வழங்குவதைத் திரையாட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன். பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்க வந்த பொருள் என்பதற்கு மேல் அதனைப்பற்றி யான் எண்ணியதில்லை. அன்று வாய் கசந்தபின் கேட்கத் தொடங்கினேன். மருகன் சொன்னான், பின்னர் யானே தேடிப் படித்தும் அறிந்தேன்.

நின்டெண்டோ நேற்று முளைத்த நிறுவனமன்று. 1889இல் கியோட்டோ நகரிற் பூச்சீட்டுச் செய்து விற்கத் தொடங்கியது. ஹனபுடா என்பது அச்சீட்டின் பெயர். பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு ஒரு மரமோ பூவோ, ஒவ்வொன்றுக்கும் நான்கு சீட்டு, ஆக நாற்பத்தெட்டு. காலத்தைப் பூவால் அறியும் மரபு கண்டு சற்று மகிழ்ந்தேன். நிலத்தைப் பூவாற் பெயரிட்டவர்களின் வழிவந்தவன் மகிழாது என் செய்வான்? இது நிற்க.

இப்போது வழங்கும் தலைமுறைப் பொறிகள் 2020 நவம்பரிற் பிறந்தவை. மைக்ரோசொப்ட்டின் எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸ், சீரீஸ் எஸ் இரண்டும் 10ஆந் திகதி வந்தன. சோனியின் பிளேஸ்டேஷன் 5 இரண்டு நாட் கழித்து வந்தது. இவை வீட்டிலே தொலைக்காட்சியோடு பிணைந்து நிற்பன. சுவிட்ச் அப்படியன்று. வீட்டில் இருந்தாற் பெருந்திரை. வெளியே போனாற் கையிலே திரை. இல்லறமுந் துறவும் ஒன்றாய் வாய்த்தது போல என்றேன். மருகனுக்கு அது விளங்கவில்லை. அந்தப் பொறி 15 கோடிக்கு மேல் விற்றிருக்கின்றது. 2022இல் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் என்ற கைப்பொறியை வெளியிட்டது. 2025 யூன் 5ஆந் திகதி வந்த சுவிட்ச் 2, நான்கே நாளில் 35 இலட்சத்தைத் தாண்டியது.

மருகனின் தோழன் வீட்டிற் பிளேஸ்டேஷன் 5 இருந்தது. அதனையுங் கண்டேன். கைப்பிடியிலுள்ள விசை ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். திரையிலே ஒருத்தி வில்லை வளைக்கிறாள். நாண் இழுபட இழுபட என் விரலின் கீழ் விசையும் இறுகியது. அம்பு விடுபட்டதும் தளர்ந்தது. கையில் வில்லும் இல்லை, நாணும் இல்லை. கம்பன் வில்லொடித்த படலத்தை முப்பது ஆண்டு படிப்பித்தவன் யான். நாணின் இறுக்கம் விரலில் ஏறியது அன்றுதான். நாணத்தோடு இதனை ஒப்புக்கொள்கிறேன். அற்பப் பொருள் என்று ஒதுக்குவதற்கு இனி எனக்கு வாயில்லை.

ஆயின், மறுநாள் வேறொரு சீட்டைக் கண்டேன். கனடாவிலுள்ள மூத்த மருகன் தம்பிக்குச் சுவிட்ச் 2 அனுப்பியிருந்தான். கூடவே ஓர் ஆட்டமும். உறையைப் பிரித்துச் சீட்டைச் செருகினாற் பொறி ஆட்டத்தைத் தரவில்லை. இணையத்திலிருந்து இறக்குக என்றது. அந்த மாதத்துத் தரவு முழுவதும் அதற்கே தீர்ந்தது, தமக்கையார் ஏசினார். உறையை வாங்கிப் பார்த்தேன். அடியிலே சிறிதாக எழுதியிருந்தது. அச்சீட்டினுள் ஆட்டம் இல்லை. அது வெறுந் திறப்பு. வீடு வேறோரிடத்தில் இருக்கின்றது. திறப்பைக் கடன் கொடுக்கலாம், விற்கலாம். ஆயின் வீட்டுக்காரன் வீட்டை இடித்துவிட்டால்?

இடிப்பானா என்று கேட்பீர்கள். 2014இல் வெளியான 'தி குரூ' என்னும் காரோட்டப் பந்தய ஆட்டம் நிறுவனத்தின் கணினியோடு தொடுத்தால் மாத்திரமே இயங்கும். 2024 மார்ச் 31ஆந் திகதி அக்கணினியை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர் கையில் வட்டு இருந்தது, ஆட்டம் இல்லை. நின்டெண்டோவும் தன் பழைய பொறிகளான 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடியது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த திரையாட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று கடையிற் கிடையா என்று, வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இற் கணக்கிட்டது. பேணி வைத்தவற்றை ஆராய்ச்சியாளர் தொலைவிலிருந்து பார்க்க நூலகங்கள் இடங்கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, 2024 ஒக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் இல்லை என்றது.

யப்பானிய தேசிய டயட் நூலகம் உறையிட்டு விற்கும் திரையாட்டங்களையும் நூல்களைப் போல ஏற்றுக் காத்து வருவது. திறப்புச் சீட்டை ஏற்பீர்களா என்று 2025இற் கேட்டபோது, அச்சீட்டினுள் உள்ளடக்கம் இல்லாமையால் அது எமது சேகரிப்பில் அடங்காது என்ற கருத்துப்பட நூலகத்தார் விடையளித்தனர். இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இதென்ன, ஓர் ஆட்டத்துக்கா என்பீர்கள். சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை ஏடு தேடி அலைந்தார்; செல்லரித்தும் ஒடிந்தும் ஏடு என்று ஒன்று எஞ்சியிருந்தமையாலன்றோ அச்சேற்றினார்? நூலகம் எரியக் கண்ட ஊரான் யான். வெற்றுறையைக் காத்து வைப்பதற்கு எந்த நூலகமும் வேண்டியதில்லை.

நிறுவனத்தார் பக்கமும் நியாயம் உண்டு. ஆட்டங்கள் பெருத்துவிட்டன, பெரிய சீட்டுக்கு விலை அதிகம். விலையோ முன்னமே ஏறுமுகம். பழையதாக ஆக மலிவதுதான் இப்பொறிகளின் வழக்கம்; 2025இல் அமெரிக்காவிற் பிளேஸ்டேஷன் 5இன் விலையை 50 டொலர் கூட்டினார்கள். 2024இல் வந்த அதன் புரோ வகையில் வட்டுச் செருகும் வாயே இல்லை. வேண்டுவோர் தனியே வாங்கிப் பூட்டவேண்டும். இவற்றையெல்லாம் ஒப்புகிறேன். ஆயினும் வாடகைக்குத் தருவதை விற்கிறேன் என்று சொல்லலாகாது. சொல்லுக்குப் பொருள் உண்டு. இலக்கணம் படிப்பிப்பவன் இதில் இளகமாட்டேன். கலிபோர்ணியா மாநிலத்திலே, உரிமம் மாத்திரந் தருபவர் அதனை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்னுஞ் சட்டம் 2025 தொடக்கம் நடைமுறைக்கு வந்திருக்கின்றது.

புறப்படும் போது மருகனுக்குப் பிறந்தநாட் காசு கொடுத்தேன். ஆட்டம் வாங்கு, உறையின் அடியை வாசித்துவிட்டு வாங்கு என்றேன். சென்ற சனிக்கிழமை கடையிலிருந்து தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, அடியிலை ஒண்டும் எழுதேல்லை. எடுக்கட்டோ?"

"எடு. வீட்டை போய் ஒருக்கா நக்கிப் பார்த்துச் சொல்லு" என்றேன்.