பரங்கி வாள்: ஐரோப்பிய அலகும் இந்தியக் கைப்பிடியும்

'பரங்கி' என்னும் சொல் தமிழில் ஐரோப்பியரைக் குறித்தது. பரங்கிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயரில் இன்றும் வழங்குகிறது. அச்சொல்லுக்கு இனமான பாரசீகவழிச் சொல் 'பிரங்கி' தக்காணத்தில் ஒரு வாள்வகைக்கும் பெயராயிற்று. ஐரோப்பிய அலகுக்கு இந்தியக் கைப்பிடி பூட்டிய வாள் அது. இதனை அயல்நாட்டது என்றோ உள்நாட்டது என்றோ ஒரு சொல்லில் வகைப்படுத்துதல் பொருந்தாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மறுமலர்ச்சிக்கால ஐரோப்பியப் படைகளில் இருபுறக் கூர்வாளோடு ஒருபுறக் கூர்வாளும் வழங்கியது. செருமானிய நிலப்பகுதிகளில் வழங்கிய அத்தகைய வாளொன்றின் பெயர் 'மெஸ்ஸர்'. கத்தி என்பதே அதன் பொருள். ஒருபுறக் கூர்வாளின் மறுபுறம் தடித்த முதுகாக நின்று அலகுக்கு உறுதி தரும். பல வாள்களில் முனையருகே மட்டும் இருபுறமும் கூர் இருக்கும். தமிழகத்து அரிவாளும் ஒருபுறக் கூருடையதே; ஆயினும் அதன் கூர் உள்வளைவில் அமைகிறது. ஐரோப்பிய அலகோ பெரும்பாலும் நீண்டு நேரானது.

1498இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டை அடைந்தபின் இத்தகைய அலகுகள் கடல்வழியே மிகுதியாக வந்தன. இந்தியக் கொல்லர் அவற்றை அப்படியே விடவில்லை. கைப்பிடியருகே வலுவூட்டும் தகடுகளைப் பொருத்தினர். விரல்களைக் காக்கும் அகன்ற காப்பை அமைத்தனர். குமிழிலிருந்து நீளும் முள்ளை இரண்டாம் கை பற்றுவதற்கு உதவுமாறு வைத்தனர்.

கொடுமணல் அகழாய்வு காட்டும் தொன்மையான இரும்புத்தொழில் மரபுடைய நாட்டில் அயல் அலகுக்கு ஏன் விருப்பம் எழுந்தது? மூசையில் உருக்கிய எஃகு மிகுந்த கரிமம் கொண்டது, கூர்மைக்குப் பெயர்பெற்றது. ஆயினும் நீண்ட அலகு ஒடியாமல் வளைந்து நிமிர வேண்டும். சோலிங்கன் முதலிய நகரங்களின் அலகுகள் அதற்கேற்பப் பதப்படுத்தப்பட்டவை.

அயல் அலகு வாளாக மட்டும் வழங்கவில்லை என்பதற்குத் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் சான்று. அவற்றுள் ஒரு பகுதி சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. சில நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை அடைந்தன. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய வாளலகின் துண்டே அலகாகப் பொருத்தப்பட்டுள்ளது.

ஆகவே அலகின் காலம் கருவியின் காலமாகாது. ஐரோப்பியப் பட்டறை முத்திரைகளை இந்தியக் கொல்லரும் போலச் செய்தமையால் முத்திரை மட்டும் பிறப்பிடத்தை உறுதிசெய்யாது. அலகு, முத்திரை, கைப்பிடி ஆகிய மூன்றையும் தனித்தனியே காலக்கணிப்புச் செய்து பதிவதே அருங்காட்சியகப் பட்டியலுக்கு ஏற்ற முறையாகும்.