முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பழைய மஹிந்திரா டீசல் ஜீப்பும் ஏறக்குறைய அப்படித்தான். மத்தியப் பிரதேசம், விதர்பா, ஜார்க்கண்ட் பக்கம் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் சிலர் வீட்டு வாசலில் இன்றும் ஒரு எம்.எம். 540 நிற்கிறது. சுரங்கத்திலோ அணைக்கட்டிலோ வேலை பார்த்த அப்பா ஆசையாக வாங்கியது. விற்க மனம் வராது, ஓட்டவும் பயம். இப்போது பிள்ளைகள் படிப்பை முடித்து வந்து, “டர்போ போடலாம், பெரிய டயர் மாட்டலாம்” என்கிறார்கள். ஆசை நியாயமானதே. வரிசைதான் தலைகீழாக இருக்கிறது.

பழைய வண்டியைப் புதுப்பிப்பது வெட்டி வேலை அல்ல. நம் ரயில்வேயே அதைச் செய்தது. 2600 குதிரைசக்தி கொண்ட டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின்கள் சில, பிரித்துக் கட்டப்பட்டு 3100 குதிரைசக்தியோடு திரும்பி வந்தன. ஆனால் இழுக்கும் சக்தி கூடிய அதே காலத்தில் நிறுத்தும் முறையும் மாறியது. வாக்குவம் பிரேக் போய் ஏர் பிரேக் வந்தது. வீட்டு ஜீப்புக்கும் அதே நியாயம்தான். முதலில் நிற்க வேண்டும், அடுத்து நேராகப் போக வேண்டும், பிறகு சூடாகாமல் ஓட வேண்டும். சக்தி கடைசி.

காகிதம் முதலில்

ஸ்பானரைத் தொடுமுன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே எஞ்சின் மாற்றம் போன்றவற்றுக்கு ஆர்.டி.ஓ. அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். விபத்து என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது இந்தக் காகிதங்களே. தில்லி வட்டாரத்தில் உள்ளவர்கள், பத்தாண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015 முதல் வந்துள்ள தனிக் கட்டுப்பாடுகளின் இன்றைய நிலையை விசாரித்த பிறகே செலவில் இறங்க வேண்டும்.

பிரேக்

பழைய ஜீப்புகள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. எங்காவது ஒரு குழாய் துருப்பிடித்து வெடித்தால் நான்கும் போச்சு. பின்னால் வந்த மாடல்களில் உள்ள டாண்டம் மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு அறைகள் உண்டு. ஒன்று கைவிட்டாலும் மற்றது வண்டியை நிறுத்தும். ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது வாக்குவம் பூஸ்டர். பெட்ரோல் எஞ்சினில் காற்றை அடைக்கும் த்ராட்டில் வால்வு இருப்பதால் மேனிஃபோல்டில் வெற்றிடம் தானாகவே உண்டாகிறது. நம் டீசல் எஞ்சினில் அந்த அடைப்பு இல்லை, வெற்றிடமும் இல்லை. அதனால்தான் ஆல்டர்னேட்டரின் பின்புறம் ஒரு சிறிய வாக்குவம் பம்பைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஆயில் அதற்குப் போய்த் திரும்ப இரண்டு குழாய்கள் தேவை. இதில் ஒரு விஷயத்தை வீட்டில் வண்டி ஓட்டும் அனைவருக்கும் சொல்லி வையுங்கள்: பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், வெற்றிடமும் போகும். ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் அது பேட்டரிக்கு மட்டுமான எச்சரிக்கை அல்ல. பூஸ்டரில் மீதி இருப்பது ஓரிரு மிதிக்குத்தான். பிறகு பெடல் கல்லாகிவிடும். மலைப்பாதையில் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாலும் இதே கதிதான்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. எஞ்சினை அணைத்து, பெடலைச் சிலமுறை மிதித்து மீதி வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, அழுத்திப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. இறங்காவிட்டால் அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே தாழ்ந்தால் பூஸ்டர் வேலை செய்கிறது.

ஸ்டியரிங்கும் டயரும்

முன் சக்கரம் குறிப்பிட்ட வேகத்தில் கடகடவென்று ஆடினால், டயரைக் குறை சொல்லுமுன் டை ராட் முனைகளையும் கிங் பின் பேரிங்குகளையும் பாருங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைக்க, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்துப் பார்த்தால் ஆட்டம் எங்கே என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

பெரிய டயர் கம்பீரமாகத்தான் இருக்கும். கணக்கைப் பாருங்கள்: இருபத்தெட்டரை அங்குல விட்டத்துக்குப் பதில் 31 அங்குலம் என்றால் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 65-இல் ஓடும். ஏற்றத்தில் இழுவையும், அதே மிதிக்கு பிரேக் பிடிப்பும் அந்த அளவுக்குக் குறையும். வேகம் கூடி, நிறுத்தும் சக்தி குறைவது எந்த விதத்தில் முன்னேற்றம்?

சூடும் மின்சாரமும்

எஞ்சின் சூடானால் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் மிஸ்திரிகள் உண்டு. அது மருந்தல்ல. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடித் தேயும், டீசலும் அதிகம் குடிக்கும். ரேடியேட்டரை உட்புறம் சுத்தம் செய்து, மூடியின் ரப்பரைப் பார்த்து, தண்ணீரோடு கூலன்ட் கலந்து ஊற்றுவதே வழி. மூடி அழுத்தத்தைத் தாங்கினால்தான் தண்ணீரின் கொதிநிலை உயரும்.

ஹெட்லைட் மங்கலாக இருந்தால் பெரிய பல்பு போடாதீர்கள். 60 வாட் பல்பு இரண்டுக்கு 10 ஆம்பியர் மின்சாரம் வேண்டும். அது பழைய சுவிட்ச் வழியாகப் போகும்போதே பாதி வழியில் சோர்ந்துவிடுகிறது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வைத்து நேராக வயர் இழுங்கள். அதே பல்பு பளிச்சென்று எரியும்.

கடைசியில் சக்தி

எம்.எம். 540-இல் பரவலாக இருந்தது பெஜோ உரிமத்தில் தயாரான 2112 சி.சி. எக்ஸ்.டி.பி. 4.90 எஞ்சின். டர்போவுக்காகக் கட்டப்பட்டதல்ல. பம்பின் திருகைத் திறந்து டீசலைக் கூட்டினால் கரும்புகைதான் கூடும். காற்று போதாமல் எரியாத டீசல்தான் அந்தப் புகை. அதோடு சேர்ந்து பிஸ்டனும் ஹெட்டும் வேகும். நாசில்களைச் சோதித்து, பம்பைக் காலிபரேஷனுக்குக் கொடுத்து, ஏர் ஃபில்டரை மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிசெய்தாலே தொலைந்துபோன சக்தியில் பெரும்பகுதி திரும்பிவிடும். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் கிடைக்கும் டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். மட்டுமே. பழைய பம்புகளின் ரப்பர் சீல்கள் இதில் சுருங்கிக் கசிவதுண்டு. பம்பைப் பிரிக்கும்போதே சீல்களையும் மாற்றிவிடுங்கள்.

வீட்டு வாசலில் வேலை செய்வோருக்கு

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இரும்பு ஸ்டாண்டு கட்டாயம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். ஓடும் எஞ்சினில் டீசல் கசிவை விரலால் தேடாதீர்கள். உயர் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது அறுவை சிகிச்சையில் முடியும். பம்ப், நாசில், வெல்டிங் மூன்றையும் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

இந்த வரிசையில் போனால் ஓராண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஓடிவிடும். போகட்டும். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரே ஸ்பானரைத் தேடுவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. சந்தேகம் உள்ள அன்பர்கள் மாதக் கூட்டத்துக்கு ஜீப்பிலேயே வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். வரும்போது பிரேக் பிடிக்கிறதா என்று மட்டும் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.