மீன் தொட்டிக்குக் கல் பொறுக்கும்போது

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்தோ, கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டியோ அலங்கார மீன் வளர்ப்போர் தொட்டிக்கு வேண்டிய கல்லைக் கடையில் விலை கொடுத்து வாங்குகின்றனர். ஓடையில் கிடக்கும் கல்லைப் பொறுக்கிப் போடுவது சிக்கனம்தான். ஆனால் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கண்ணில் பட்ட கல்லையெல்லாம் தொட்டியில் போட்டுவிடக் கூடாது.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் கடல் இருந்தது. அது விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லை நம்பியே அரியலூரில் சிமெண்டு ஆலைகள் அமைந்தன. ஏர் ஓட்டும்போது அகப்படும் சுக்கான்கல்லிலும் சுண்ணாம்பே மிகுதி. இக்கல் தொட்டி நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து, நீரைக் கடினமாக்கிக் காரத்தன்மையைக் கூட்டுகிறது. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா, காரம் ஏறிய நீரில் கூடுதல் நச்சாகிறது. நோய் ஏதும் தெரியாமலே குஞ்சுகள் சாக இதுவும் ஒரு காரணம்.

சோதிப்பது எளிது. கல்லின் ஒரு மூலையைத் தட்டி உடைத்து, புது முகத்தில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சில சொட்டு விட வேண்டும். நுரைத்தால் சுண்ணாம்பு உள்ளது, ஒதுக்கிவிடலாம். சில கற்கள் மெதுவாகவே நுரைக்கும். எனவே சிறிது பொடியாக்கி அதன்மேலும் விட்டுப் பார்ப்பது நலம்.

இந்தச் சோதனைக்கும் அகப்படாத கல் ஒன்று உண்டு. அது ஜிப்சம். காரைப் பகுதியின் களிமண் மேடுகளில் பளபளவென்று தகடு தகடாகக் கிடைக்கும். நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ இடுகிறோமே, அதே பொருள்தான். நுரைக்காது; ஆனால் நீரில் கரையும். நகத்தால் கீறினால் கோடு விழுவதைக் கொண்டு கண்டுகொள்ளலாம். பொன்னிறமாக மின்னும் கல்லும், துரு ஏறிய கல்லும் வேண்டாம்.

பச்சைமலை அடிவாரத்துக் கருங்கல், வெங்கச்சங்கல், கொள்ளிடத்துக் கூழாங்கல் ஆகியவை பெரும்பாலும் கரையாதவை. என்றாலும் பூச்சிமருந்து தெளித்த வயலின் வரப்பிலும், லாரி எண்ணெய் சிந்திய சாலை ஓரத்திலும் எடுக்கக் கூடாது. சோப்புப் போடாமல் தேங்காய் நார் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுவோர் உண்டு. உள்ளே ஈரம் தங்கிய கல் வெடித்துச் சிதறலாம். கொதிநீரை ஊற்றி ஆறவிட்டு, வெயிலில் காய வைத்தாலே போதும்.

பிறகு அக்கல்லை ஒரு வாளி நீரில் ஒரு வாரம் ஊற விடுங்கள். அந்த நீரிலும், கல் போடாத அதே கிணற்று நீரிலும் ஒரே அளவு சோப்பைக் கரைத்துப் பாருங்கள். கல் ஊறிய நீரில் நுரை குறைந்தால் அக்கல் ஆகாது. கூர்மையான கல் மீனின் கண்ணையும் துடுப்பையும் கிழிக்கும். கனமான கல் அடிக் கண்ணாடியை உடைக்கும்.

கிணற்று நீரே கடினமாக உள்ளவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன்கள் அத்தகைய நீரில் நன்கு குட்டி போடும். இவற்றுக்குச் சிறிதளவு சுண்ணாம்புக் கல் கேடு செய்யாது. டெட்ரா, டிஸ்கஸ் போன்றவைதான் இந்நீருக்கு ஒத்துவராதவை.

சங்கு, நத்தை உருவில் கிடைக்கும் கற்களைத் தொட்டி அழகுக்கென்று எடுக்க வேண்டாம். அவை பழங்காலக் கடலுயிர்களின் படிவங்கள். 2020இல் குன்னத்தில் உருண்டைக் கற்கள் அகப்பட்டபோது டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பேச்சாகி, அம்மோனைட் என்ற கடலுயிர் சார்ந்த படிவுகள் என்று பின்னர் தெரிய வந்தது. சாத்தனூர் கல்மரம் தேசியப் புவியியல் சின்னம். அங்கே ஒரு சில்லுகூட எடுக்கலாகாது. உங்கள் நிலத்தில் அப்படி ஏதாவது அகப்பட்டால், வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.